பாட்டனுக்கு வைத்த பேனர்

முன்னோர்களைத் தேடிப் புறப்படுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: சில சமயம் அவர்கள் கிடைத்துவிடுவார்கள்.

கிடைக்காமல் போனால் நஷ்டமே இல்லை. நாம் பாட்டுக்கு ‘எங்க தாத்தாவோட தாத்தா அரண்மனையில் தளபதி’ என்று அளந்துகொண்டு திரியலாம். மறுத்துச் சொல்ல ஆள் இருக்காது. நான் தேடிய ஆளோ கிடைத்தார். சொந்தபந்தம் மொத்தமும் கூடியிருந்த சபையில், தாம்பூலத் தட்டு மாற்றுவதற்குச் சற்று முன்னால், தேடிப் போன என்னைத் தேடிக்கொண்டே வந்ததுபோலக் கிடைத்தார்.

அப்போது எனக்குக் கல்யாண வயது கடந்துகொண்டிருந்தது. திண்டுக்கல்லில் சொட்டுநீர்க் குழாய் விற்கும் கடையில் வேலை. பைக்கில் ஊர் ஊராகப் போய்த் தோட்டக்காரர்களிடம், தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டால் போதும் என்று மணிக்கணக்கில் பேசுவேன். (பேச்சைச் சொட்டுச் சொட்டாக விடத் தெரியாதவன் செய்த வேலை அது.) ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருந்த ஒருவரின் ஒரே மகளை எனக்குப் பார்த்தார்கள். பெயர் அமுதா.

ஜாதகம் பொருந்தியது. சாமியும் வேறு. எங்கள் பக்கத்தில் ஜாதகத்தைவிட இதுதான் முக்கியம். ஒரே குலசாமியைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள், அண்ணன் தம்பி மக்கள். அவர்களுக்குள் பெண் கொடுக்கவும் மாட்டார்கள், எடுக்கவும் மாட்டார்கள். அவர்களுடைய சாமிக்கு ஒட்டன்சத்திரம் பக்கம் மண்குதிரையெல்லாம் நிற்கும் பெரிய கோயில். எங்கள் சாமி வேடசந்தூர் போகிற வழியில், புளியமரத்தடியில், நட்டுவைத்த ஒரு கல். இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. பூ வைக்க நாள் குறித்தார்கள்.

நாள் குறித்ததிலிருந்து அமுதாவிடம் போனில் பேச அனுமதி கிடைத்தது. சாயங்காலம் மண்டி அடங்குகிற நேரத்தில் பேசுவாள். பின்னால் கேரளா லாரிகள் ஹாரன் அடித்துக் கிளம்பிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவே, “ஏனுங்க, சாப்டீங்களா?” என்று ஒரு குரல் வரும். நான் மதுரைப் பேச்சுக்காரன். எங்கள் வீட்டில் அக்கறையாகக் கேட்பதென்றால் “ஏலே, கொட்டிக்கிட்டியா?” என்பதுதான். அந்த ‘ஏனுங்க’ காதில் விழுந்ததும், அன்றைக்கு நான் விற்க மறந்த குழாய்களெல்லாம் நெஞ்சுக்குள் சொட்ட ஆரம்பித்துவிடும்.

“சிறுமலைக்குப் போயிருக்கீங்களா?” என்று ஒருநாள் கேட்டாள்.

“கண்ணு முழிச்சா எங்க வீட்டு மொட்டைமாடியில தெரியுற மலை அது. ஏன்?”

“எங்க மண்டிக்கு அங்கிருந்து வாழப்பழம் வருமுங்க. பழத்தப் பாத்திருக்கேன், மலையப் பாத்ததில்ல. பஸ்ஸுகூட கம்மிங்களாமே?”

“பஸ் எதுக்கு? கல்யாணம் முடிஞ்ச மறுவாரம் பைக்ல கூட்டிட்டுப் போறேன். வளைவுல நல்லாப் பிடிச்சுக்கணும்.”

லாரி ஒன்று ஹாரன் அடித்துக் கிளம்பியது. அப்புறம் மெதுவாக, “சரிங்க” என்றாள். அந்த ஒரு ‘சரிங்க’வை வைத்துக்கொண்டு நான் சிறுமலையின் எல்லா வளைவுகளையும் மனசுக்குள் ஏறி இறங்கிவிட்டேன்.

இப்படியே வாயை மூடிக்கொண்டு பூ வைத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே வந்திருக்காது. ஒருநாள் அவள் அப்பா போனில், பேச்சுவாக்கில், “உங்க பூர்வீகம் எதுங்க மாப்ள?” என்று கேட்டார். தட்டில் சோறு விழுகிறவரைக்கும் பேச வேண்டுமே என்று கேட்ட கேள்வி அது. ‘இந்தப் பக்கந்தான் மாமா’ என்றிருந்தால் ‘அப்பிடீங்களா’ என்று ரசத்துக்குப் போயிருப்பார். அவர் வீட்டுக் கோயிலில் நின்ற மண்குதிரைகள் என் கண்ணை உறுத்தின. குதிரைக்குச் சமமாக நாமும் எதையாவது நிறுத்த வேண்டாமா?

“பெரிய கதை மாமா. பூ வைக்கிற அன்னைக்குச் சபையில விவரமாச் சொல்றேன்” என்றேன்.

கதை எதுவும் கையில் இல்லை. அப்பாவிடம் போனேன். எங்கள் வம்சம் பற்றி அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு வாக்கியம். “முத்திருளப்பன்னு ஒருத்தரு. எங்க தாத்தாவுக்குத் தாத்தா. தாது வருசப் பஞ்சத்துல ஒத்தக் காளையோட இந்தப் பக்கம் வந்தாரு.”

“எங்கயிருந்து வந்தாரு?”

“அதச் சொல்றதுக்குள்ள உங்க தாத்தா செத்துப் போனாரு.”

“நீங்க முன்னாடியே கேட்டிருக்கலாம்ல?”

“நீ இன்னைக்குத்தான கேக்குற. நான் கேக்காததும் அதே லச்சணந்தான்.”

சொட்டுநீர் வியாபாரத்தைச் சாக்கு வைத்து, கண்ட ஊரிலெல்லாம் முத்திருளப்பனை விசாரித்தேன். எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஒரு முத்திருளப்பன் உண்டு. ஒருவர் புலியை அடித்திருந்தார். ஒருவரைப் புலி அடித்திருந்தது. இன்னொருவர் உயிரோடிருந்து, “என்னை எதுக்குப்பா தேடுற, லோன் விசயமா?” என்றார். கடைசியில் கொடைரோட்டில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பழக்கடை வைத்திருக்கும் என் அத்தையிடம் போய் நின்றேன். அப்பாவின் அக்கா. மலையிலிருந்து வரும் பிளம்ஸைப் பொறுக்கிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஏலே சரவணா, நம்ம வீட்டுல பீர்க்கங்காய் சமைக்க மாட்டோமே, ஏன்னு ஒருநாளாச்சும் கேட்டியா?”

“அது… பிடிக்காது போலன்னு நெனச்சேன்.”

“வெஞ்சனத்துல நொட்டை சொல்ல மட்டும் வாயி. கேளு.”

கடைக்கு வந்தவர்களுக்குப் பழம் நிறுத்துக்கொண்டே சொன்னாள். பஞ்சத்தில் கிணறு வற்றி, தோட்டமெல்லாம் காய்ந்து, ஒரே ஒரு பீர்க்கங்கொடி மட்டும் மிச்சம். அதிலும் ஒரே ஒரு காய். மழை வந்தால் விதைக்க வேண்டுமே என்று விதைக்கு விட்ட காய். முத்திருளப்பனின் பிள்ளை பசியில் அழுது அழுது, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. அவர் அந்தக் காய் முற்றுமுன் பறித்து, வேகவைத்து ஊட்டிவிட்டார். வீட்டில் பெரியவர் ஒருவர், “விதையைத் தின்னவனோட எனக்கென்ன பேச்சு” என்று சொல்லிவிட்டார். அந்தச் சொல் தாங்காமல், வீட்டில் இருந்த ஜோடிக் காளையில் ஒன்றை அவிழ்த்துக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளையோடு விடியும் முன் நடந்துவிட்டார். இந்தப் பக்கம் வந்து ரயில்பாதைக்கு மண் சுமந்தார். புளியமரத்தடியில் ஒரு கல்லை நட்டு, ‘இனி இதுதான் எனக்குச் சாமி’ என்றார். பீர்க்கங்காயை அதன்பிறகு தொடவில்லை.

“அந்தப் பிள்ளை பொழைச்சுச்சா அத்தை?”

“பொழைக்காமயா நீ குழாய் வித்துக்கிட்டுத் திரியுற?”

நூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய ஒரு பீர்க்கங்காய்தான் நான். அது வேகாமல் இருந்திருந்தால் என் அப்பா இல்லை, நான் இல்லை, ‘ஏனுங்க’ என்று கூப்பிடக் கேட்கும் காது இல்லை.

கிளம்பும்போது அத்தை கையைப் பிடித்துச் சொன்னாள்: “பூ வச்சு முடிக்கிற வரைக்கும் இதச் சபையில பேசாத அப்பு. பழங்கதையக் கிளறுனா ஒண்ணு பாம்பு வரும், இல்லாட்டிப் பங்காளி வருவான்.”

(அவள் சொன்னதை நான் எப்போதும் கேட்பவன்தான். செய்கிறவன் இல்லை.)

நேரே பேனர் அடிக்கும் கடைக்குப் போனேன். கடைக்காரன் என் கூட்டாளி. பாட்டன் படம் வேண்டுமென்றேன். “போட்டோ இருக்கா?” என்றான். பஞ்சத்தில் நடந்தவர் போட்டோவுக்கு நின்றிருப்பாரா? “அப்பச் சரி, உன் மூஞ்சியையே எடுத்துக்கிர்றேன். வம்சந்தானே” என்று, என் முகத்துக்குக் கொடுவாள் மீசை வைத்து, தலைப்பாகை கட்டி, பக்கத்தில் ஒரு காளையையும் நிறுத்திவிட்டான். காளை கொஞ்சம் வெளிநாட்டு ஜாதி மாதிரி இருந்தது. எனக்கு மீசை பிடித்துப்போனதால் காளையைக் கண்டுகொள்ளவில்லை. கீழே கொட்டை எழுத்தில்: ‘பஞ்சத்தை வென்ற பாட்டனார் முத்திருளப்பர்.’

பூ வைக்கும் நாளன்று வேனில் சீர்த்தட்டுகளோடு பேனரும் சுருட்டி வந்தது. ஒட்டன்சத்திரத்தில் அவர்கள் வீட்டு முன் பந்தல். தட்டுகளை வைத்து, இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். கதவிடுக்கில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சேலை தெரிந்தது. மாப்பிள்ளை என்பவன் அந்த நேரத்தில் தலையைக் குனிந்து, காலால் ஜமுக்காளத்தைச் சுரண்டிக்கொண்டிருக்க வேண்டும். நான் எழுந்து நின்று பேனரை விரித்தேன்.

“டேய், உக்காருடா” என்றார் அப்பா.

“அட, சொல்லட்டுமுங்க. மாப்ள அன்னைக்கே சொன்னாப்ல” என்றார் அமுதாவின் அப்பா.

சொன்னேன். சொட்டுச் சொட்டாக அல்ல, வாய்க்கால் உடைத்துக்கொண்டதுபோல. வற்றிய கிணறு, ஒற்றைக் கொடி, அழுத பிள்ளை. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. “அன்னைக்கு மட்டும் அவரு அந்த விதைக்காயைப் பறிக்கலைன்னா…” என்று குரலை உயர்த்தினேன்.

அமுதாவின் அப்பா கையில் இருந்த வெற்றிலை கீழே விழுந்தது.

“என்ன காயிங்க?” என்றார்.

“பீர்க்கங்காய் மாமா. அதான் நாங்க இன்னைக்கு வரைக்கும் தொடுறதில்ல.”

பந்தலில் அவர்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அவர்கள் மண்டியில் எல்லாக் காயும் ஏலம் போகும். பீர்க்கங்காய் மட்டும் இறங்கியதே இல்லை. ஆனால் இல்லாத காயை யார் கவனிப்பார்கள்?

அவர் எழுந்து என்னருகே வந்தார். பேனரில் இருந்த காளையின்மேல் கையை வைத்தார். “இதோட ஜோடிக் காளை எங்ககிட்டத்தானுங்க இருந்துச்சு.”

பாதிக் கதை என்னிடம் இருந்தது. மீதிக் கதையை அவர் சொன்னார். அந்தச் சொல்லைச் சொன்ன பெரியவர் முத்திருளப்பனின் அண்ணன், இவருடைய பாட்டனுக்குப் பாட்டன். விடிந்து பார்த்தால் தம்பியைக் காணோம். குளம்புத் தடத்தைப் பார்த்துக்கொண்டே ரெட்டியார்சத்திரம் தாண்டி நடந்திருக்கிறார். தடம் போன இடமெல்லாம் பஞ்சத்தில் செத்த மாடுகள், ஓரிடத்தில் தடமும் மறைந்துபோயிற்று. ‘கொழந்தைக்குக் குடுத்த காய்க்கா நான் கணக்குப் பாத்தேன்’ என்று மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு அழுதவர், அவரும் பீர்க்கங்காயை விட்டுவிட்டார். தம்பி இங்கே வெட்கத்தில் விட்டான். அண்ணன் அங்கே வருத்தத்தில் விட்டான். ஒருவர் விட்டது மற்றவருக்குத் தெரியாமலே இரண்டு வீடும் இத்தனை காலம் ஒரு காயைத் தின்னாமல் இருந்திருக்கிறது.

“வருசா வருசம் கோயில்ல கெடா வெட்டிக் கூறு போடுறப்ப, தம்பி கூறுன்னு ஒண்ணத் தனியா எடுத்து வெப்போங்க. யாரும் தொட மாட்டோம். வருவான் வருவான்னு எங்கப்பாரு சாகற வரைக்கும் சொல்லிட்டிருந்தாரு.” என்னைக் கட்டிக்கொண்டார். மண்டியில் மூட்டை தூக்கி வளர்ந்த கைகள். என் விலா எலும்பு விட்டுக்கொடுத்தது.

பந்தலே எழுந்து நின்று அழுதது. என் அப்பா, வாழ்க்கையில் அழுது நான் பார்த்திராதவர், “அண்ணே” என்று போய் அவர் தோளில் சாய்ந்தார். காணாமல் போன ஒரு தம்பி திரும்பி வந்துவிட்ட ஆனந்தம். அந்த ஆனந்தக் கூட்டத்தில் ஒருவன் மட்டும் விரலை மடக்கி முறை எண்ணிக்கொண்டிருந்தான்.

“மாமா” என்றேன். “நான் விசாரிச்சது தப்பாக்கூட இருக்கலாம் மாமா. எங்க அத்தைக்கு ஞாபகமறதி.”

அவர் என் கன்னத்தைத் துடைத்துவிட்டார். “மாமா என்னடா மாமா. பெரியப்பான்னு கூப்புடு சாமி.”

அப்பாவின் காதில் குனிந்து, “எத்தனையோ தலைமுறை ஆச்சேப்பா, அதுக்கப்புறமும் முறை பாக்கணுமா?” என்றேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, “சபையில நின்னு தங்கச்சியப் பொண்ணு கேக்குறியாலே?” என்றார். வேறு ஜாதி, வேறு மதம் என்றால்கூட ஓடிப்போய்க் கட்டிக்கொண்டவர்கள் ஊரில் உண்டு. பங்காளி வீட்டுப் பெண்ணைக் கட்டியவன் என்று ஒருவனை எங்கள் பக்கத்தில் காட்டச் சொல்லுங்கள். சாமியே அடிக்க வரும்.

உள்ளே பார்த்து அவள் அம்மா குரல் கொடுத்தாள்: “அமுதா, அண்ணனுக்குத் தண்ணி கொண்டா.”

கத்தரிப்பூச் சேலை வெளியே வந்தது. தலையில் வைக்கவேண்டிய பூ இன்னும் தட்டிலேயே இருந்தது. சொம்பை நீட்டினாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. தண்ணீர் விளிம்பில் ஆடிக்கொண்டிருந்தது. பேனரில் மீசையோடு நின்ற நான் மட்டும் கம்பீரமாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

கொண்டுபோன சீர்த்தட்டுகள் வீணாகவில்லை. பங்காளி சேர்ந்த சந்தோஷத்துக்கு அதே பழம், அதே ஸ்வீட், அதே பந்தி. சாப்பாடு நன்றாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் அமுதாவே கூப்பிட்டாள். லாரிச் சத்தம் கேட்டது. “ஏனுங்…” என்று ஆரம்பித்து நிறுத்தினாள். அப்புறம், “கொஞ்ச நேரம் வாயை மூடிட்டு இருந்திருக்கலாமுங்கல்ல” என்றாள். அவ்வளவுதான். என்னைப்பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். இத்தனை மரியாதையாக, இத்தனை சரியாக யாரும் சொன்னதில்லை.

அப்புறம் நடந்ததெல்லாம் முறைப்படி நடந்தது. அவர்கள் பங்காளி ஒருவர் இறந்ததற்கு எங்களுக்கும் தீட்டு என்று எனக்கு மொட்டை போட்டார்கள். (பெண்ணும் போச்சு, முடியும் போச்சு.) கோயிலில் யாரும் தொடாமல் வைத்த தம்பி கூறு, இலையில் விழ ஆரம்பித்தது. அமுதாவுக்குத் தாராபுரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. அண்ணன் முறைக்கு ஆள் இல்லாத வீடு, அதனால் கல்யாணத்தில் மோதிரம் போடும் பாக்கியம் எனக்கே கிடைத்தது. மாப்பிள்ளை விரலில். நல்ல மனிதர். விரல்தான் கொஞ்சம் தடிமன், நான் வேண்டுமென்றே அழுத்தவில்லை.

பேனரைப் பெரியப்பா விடவில்லை. பாட்டன் படத்தை மட்டும் வெட்டிச் சட்டம் போட்டுச் சாமி அறையில் மாட்டிவிட்டார். ஒட்டன்சத்திரத்தில், உயிரோடிருக்கும்போதே மாலையும் பத்தியும் பெறுகிற ஒரே குழாய் வியாபாரி நானாகத்தான் இருப்பேன். கல்யாணத்துக்கு முன்னால் அமுதாவும் அதற்கு விளக்கேற்றியிருக்கிறாள். அவள் எதை நினைத்து ஏற்றினாள் என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை. அண்ணன் அதைக் கேட்கக் கூடாது.

எனக்கும் கல்யாணமாயிற்று. மனைவி வீட்டில் பூர்வீகம் பற்றி நான் வாயே திறக்கவில்லை. சொந்தத்தில் யாருக்காவது ஒரு சம்பந்தம் பிடிக்காவிட்டால், “சரவணனை விட்டு ஒருதடவை விசாரிச்சுருவோமா?” என்கிறார்கள். நான் போவதில்லை. ஒரே மாதிரிக் கதை இரண்டு வீட்டில் இருந்தால் இரண்டும் ஒரே கதைதானா, பஞ்சத்தில் எத்தனை தம்பிகள் எத்தனை காளைகளோடு நடந்திருப்பார்கள் என்று சிலசமயம் தோன்றும். திரும்பவும் விசாரித்துப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை. தப்பு என்று தெரிந்தால் என்ன செய்வது?

போன வருஷம் அமுதாவின் மகளுக்குக் காதுகுத்து, தாராபுரம் பக்கம் அவள் புகுந்த வீட்டுக் கோயிலில். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமன் யார்? நான்தான். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு பிள்ளையை மடியில் வைத்தார்கள். நெற்றி அப்படியே அம்மாவுடையது. ஆசாரி, “கெட்டியாப் பிடிச்சுக்குங்க, துள்ளும்” என்றார். பிள்ளை துள்ளவே இல்லை. கையிலிருந்த ஜிலேபியிலேயே கவனமாக இருந்தது. இரண்டு காதும் குத்தி முடித்தபோது பார்த்தால் என் சட்டை நனைந்திருந்தது. கண்ணை மறைக்கத் துண்டு கிடைக்கவில்லை, இரண்டு கையிலும் பிள்ளை.

“குத்துனது புள்ளைக்கு, அழுவுறது மாமன்” என்று யாரோ சொல்ல, கோயிலே சிரித்தது. நான் பக்கத்தில் புகைந்த சாம்பிராணித் தட்டைக் காட்டி, “புகைங்க, எனக்குப் புகை ஒத்துக்காது” என்றேன்.

அதிலிருந்து எங்கள் வகையறாவில் எந்த விசேஷமானாலும், நான் வந்து உட்கார்ந்ததும், “மாமனைத் தள்ளி உக்காரச் சொல்லுங்க, புகை ஒத்துக்காது” என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். என் மனைவியே சொல்வாள். பெரியப்பா சொல்லிவிட்டு இருமுகிறவரை சிரிப்பார். அமுதா மட்டும் சொல்வதில்லை. கூட்டம் சிரித்துக்கொண்டிருக்கும்போது வந்து, சாம்பிராணித் தட்டை எடுத்து, எனக்குப் புகை படாத இடமாகப் பார்த்து வைத்துவிட்டுப் போவாள்.